பாவுக்கல் இருந்த இடம்

தாரும் புளித்த கஞ்சியும் கலந்தால் ஒரு வாசனை வரும். அதை யாருக்கும் விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் எங்காவது ரோடு போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் யாராவது சோறு வடித்த கஞ்சியைக் கொட்டியிருந்து, காற்று என் பக்கம் அடித்துவிட்டால், பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தாலும் என் உள்ளங்கை வேர்த்துவிடும். தார், கரண்டுக் கம்பத்தின் அடியில் பூசியது. கஞ்சி, நெசவுக்காரர்கள் பாவு நூலுக்குப் பூசியது. இரண்டும் ஒன்றாக என் மூக்கில் ஏறியது, நாங்கள் புது வீட்டுக்குக் குடிபோவதற்கு முந்தின நாள் காலையில்.

நகரிக்குக் கிழக்கே எங்கள் ஊர். ஏர் பூட்டுகிறவர்கள் ஒரு பக்கமும் தறி போட்டவர்கள் ஒரு பக்கமுமாக, வீட்டுக்குள் தமிழும் ஆபீஸ் வாசலில் தெலுங்கும் பேசிக்கொண்டு, பெரிய வம்பு ஏதுமில்லாமல் கிடந்த ஊர்தான். ஆந்திரா தனி ராஜ்யம் ஆகிச் சில வருஷம் ஆகியிருந்தது. ஆனால் எங்கள் பக்கத்து எல்லைக்கோடு எங்கே விழும் என்பது மட்டும் முடிவாகவில்லை. ஒரு வாரம் ஊர் மெட்ராஸுக்குப் போகிறது என்பார்கள், அடுத்த வாரம் ஆந்திராவிலேயே நிற்கிறது என்பார்கள். டீக்கடையில் அதுதான் பேச்சு. அந்தப் பேச்சில் மற்றவர்களுக்குக் கொடி, பாஷை, பள்ளிக்கூடம் என்று என்னென்னவோ இருந்தது. என் அப்பாவுக்கு, நைனா என்றுதான் கூப்பிடுவோம், இருந்தது ஒன்றே ஒன்றுதான். கரண்டு நகரிப் பக்கத்திலிருந்து வருகிறது. கோடு நடுவில் விழுந்துவிட்டால் அந்தக் கம்பி நம் வீட்டுக்கு வராது. ஆகவே கோடு விழுவதற்குள் கம்பி வந்துவிட வேண்டும்.

அவ்வளவு அவசரத்துக்குக் காரணம் பெரியப்பா. பாகம் பிரித்தபோது பழைய வீடு பெரியப்பாவுக்குப் போயிற்று, நெசவுத் தெருவைத் தாண்டியிருந்த பொட்டல் எங்களுக்கு வந்தது. அன்று பந்தலில் உட்கார்ந்திருந்த பத்துப் பேர் காதிலும் விழும்படியாகப் பெரியப்பா, "போ, பொட்டல்ல போயி இருட்டுல கெட. நரிதான் உனுக்குத் தொணை" என்றார். நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். சாமான்களை வண்டியில் ஏற்றிக் குடிசை போட்ட அன்றைக்கு அம்மாவிடம் மட்டும் சொன்னார்: "இந்த ஊர்ல மொதல் பல்பு என் வூட்ல எரியும். அது எரியாம அந்த வூட்ல கால் வைக்க மாட்டேன்." அந்தப் பேச்சு எப்படியோ வெளியே போய், டீக்கடை வழியாகப் பெரியப்பா காதுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கப்புறம் திரும்புவதற்கு வழியில்லை.

வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே நைனா ஒரு பல்பு வாங்கிவந்துவிட்டார். அதைப் பஞ்சில் சுற்றி, கேழ்வரகுக் குதிருக்குள் புதைத்து வைத்திருந்தார். சில நாள் சாயங்காலம் சுவர் வேலை முடிந்து கொத்தனார்கள் போன பிறகு, அதை எடுத்து வேட்டியில் துடைத்து, காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பார்ப்பார். உள்ளே இழை அறுந்திருக்கிறதா என்று பார்க்கிறாராம். எனக்கு ஒன்பது வயது. அதைத் தொட்டால் கையை முறித்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார், முறிக்கக்கூடியவர்தான்.

மெயின் ரோட்டில் நின்ற கடைசிக் கம்பத்திலிருந்து எங்கள் மனைக்கு நேராக இழுத்தால், நடுவில் ஒரு கம்பம் பெரியப்பாவின் கொல்லையில் நட வேண்டும். நைனா தம்பியாகப் போய்க் கேட்கவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போய்க் கேட்டார். பெரியப்பா வெற்றிலையை மென்றுகொண்டே, "கம்பமா? தாராளமா நடட்டும். மொதல்ல எல்லை எங்க வருதுன்னு கேட்டுக்கினு வா. உன் கூடம் ஆந்திராவுல, சமையல்கட்டு மெட்ராஸுலன்னு ஆயிட்டா, சோறு துன்ன எந்த சர்க்காரைக் கேப்ப?" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். கூட்டிப்போன பெரியவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் காதில் வாங்கிக்கொண்டு நைனா நேராக நடந்து வந்தது நெசவுத் தெருவுக்கு.

நெசவுத் தெருவின் கடைசியில் நீளமான வெற்றிடம் ஒன்று இருந்தது. அங்கேதான் அவர்கள் பாவு போடுவார்கள். விடிந்ததும் நூல்பாவை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் இழுத்துக் கட்டி, நடுவே மூங்கில் கவைகள் முட்டுக் கொடுத்து, கஞ்சியைத் தெளித்துப் பெரிய பிரஷ்ஷால் நீவிக்கொண்டே போவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். ஒரு பாவு தளர்ந்தால் இழைகள் ஒட்டிக்கொண்டு மொத்தமும் வீணாகிவிடும். அதனால் இரண்டு கோடியிலும் இரண்டு கருங்கல் நட்டிருந்தார்கள். "பாவுக்கல்" என்பார்கள். யார் எப்போது நட்டதென்று அவர்களுக்கே தெரியாது. கயிறு அறுத்து அறுத்து அதன் இடுப்பில் வழவழவென்று ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதற்குள் என் மணிக்கட்டு அடங்கும்.

எங்கள் பக்கத்துக் கல் நின்ற இடம்தான் கம்பத்துக்குப் பொருத்தமான இடம் என்று நைனா சொன்னார். புறம்போக்கு நிலம், யாரையும் கேட்க வேண்டியதில்லை என்றும் சொன்னார். ஆட்கள் கடப்பாரை போட்டுக் கல்லைப் பெயர்த்து, அங்கே கம்பத்தை நட்டுக் கம்பி இழுத்துக் கட்டியபோது, தேசப்பன் ஓடிவந்தார். எங்கள் மனைக்கு அடுத்து முதல் வீடு அவருடையது. மெலிந்த ஆள், எப்போதும் தோளில் நூல் துணுக்கு ஒட்டியிருக்கும், என்னைப் பார்த்தால் "இன்னா கலெக்டரம்மா, இஸ்கோலு வுட்டாச்சா?" என்று கேட்பார். அன்று என்னைப் பார்க்கவில்லை.

"அண்ணா, கல்லைப் பேத்துட்டா பாவு எதுல கட்டறது?"

நைனா கம்பத்திலிருந்து சாய்வாக இறங்கித் தரையில் புதைந்த கனத்த கம்பியைக் காட்டினார். கம்பம் சாயாமல் இழுத்துப் பிடித்துக்கொள்வதற்காகப் போடுவது. "ஸ்டே கம்பி" என்பார்கள். "இது இன்னாத்துக்கு இருக்குது? இரும்புடா. உன் கல்லைவிட கெட்டி. இதுல கட்டிக்கினு நிம்மதியா இழு."

தேசப்பன் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. "சரிண்ணா" என்று போய்விட்டார். அவர் மனைவி கன்னியம்மா தன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா எங்கள் பக்கத்தில் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன். அந்தப் பேச்சு எங்கள் மூவர் காதிலும் விழுந்தது என்பதை இங்கே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு அது யார் காதிலும் விழவில்லை என்று ஆகிப்போயிற்று.

அந்த ஸ்டே கம்பிக்கு நடுவில் ஒரு பீங்கான் கட்டையைக் கோக்க வேண்டும். கோழிமுட்டை மாதிரி இருப்பதால் லைன் ஆட்கள் அதை "முட்டை" என்பார்கள். மேலே ஏதாவது கம்பி அவிழ்ந்து ஸ்டேயின்மேல் பட்டால், கரண்டு கீழே இறங்காமல் அது தடுத்துவிடும். லைன்மேன் ஸ்டேயைக் கட்டிவிட்டு, "முட்டை ஸ்டாக் லேதண்ணா. வச்சே வாரம் வரும். அதுவரைக்கும் லைன் குடுக்க வேணாம்" என்றார். கையிருப்பில் இல்லை, அடுத்த வாரம்தான் வருமாம்.

"வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். அடுத்த வாரம் எல்லையே வந்துடும்றான், நீ முட்டைன்றியே" என்றார் நைனா. "என் வூட்ல பொட்டை ஏழு இருக்குது. எத்தினி முட்டை வோணும், சொல்லு."

லைன்மேன் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தப் பொட்டைக் கோழிகளில் ஒன்றை அன்று அம்மா அவருக்குக் குழம்பு வைத்துப் போட்டாள். புதன்கிழமை சாயங்காலம் லைன் கொடுத்துவிட்டார்.

பல்பு எரிந்தபோது ஊரே எங்கள் மனையில் நின்றது. பூசாத சுவர், சிமெண்ட் போடாத தரை, வாசலில் மணல் குவியல், அத்தனையும் மஞ்சளாகத் தெரிந்தன. தேசப்பன் என்னிடம், "கலெக்டரம்மா, இனிமே ராத்திரியில எறும்பு புடிக்கலாம்" என்றார். பெரியப்பா வரவில்லை. நைனா மட்டும் பல்பைப் பார்க்கவேயில்லை. தெருவில் இறங்கி நின்று, பெரியப்பா வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி காற்றும் மழையும். காலையில் வெறித்துவிட்டது. கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் என்பதால் அம்மா என்னைச் சீக்கிரம் எழுப்பி, கம்பத்துக்குப் பக்கத்தில் சிதறிக் கிடந்த ஜல்லியைப் பொறுக்கச் சொல்லியிருந்தாள். ஈரத்தில் தார் வாசனை தூக்கலாக இருந்தது. தேசப்பன் சிவப்புப் பாவு ஒன்றைக் கொண்டுவந்து, தூரக் கோடியில் கல்லில் கட்டி, நடந்து வந்து, இந்தக் கோடியில் கயிற்றை ஸ்டே கம்பியில் சுற்றினார். கை இரண்டிலும் கஞ்சி. காலடியில் சேறு. மேலே ராத்திரிக் காற்றில் ஒரு கம்பி அவிழ்ந்து ஸ்டேயின்மேல் உராய்ந்துகொண்டிருந்தது, அது பிறகுதான் தெரிந்தது. அவர் கத்தவில்லை. கம்பியைப் பிடித்தபடி, ஏதோ மறந்துபோனதை யோசிக்கிற மாதிரி நின்றார். உடம்பு மட்டும் நடுங்கியது. கன்னியம்மா ஓடிவந்தாள், யாரோ அவள் கொண்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். அம்மா எங்கள் உலக்கையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் கையில் அடித்தாள். மூன்றாவது அடிக்குக் கை விட்டது. பாவின்மேலேயே விழுந்தார். சிவப்பு இழைகள் அவர் முகத்தில் ஒட்டிக்கொண்டன. நைனா வெளியே வந்ததும் முதலில் மேலே பார்த்தார், லைன் அறுந்துவிட்டதா என்று.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அவசர அவசரமாக நடந்தது. தகவல் போய் லைன்மேன் சைக்கிளில் வந்தார். லைனை நிறுத்தினார், கம்பத்தில் ஏறினார், அவிழ்ந்த கம்பியை இழுத்துக் கட்டினார். பையிலிருந்து பீங்கான் முட்டையை எடுத்து ஸ்டேயில் கோத்தார். அது எங்கேயிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அதிகாரிகள் வந்து பார்த்தால் முட்டை அதன் இடத்தில் இருக்க வேண்டும், இருந்தது. பிறகு லைனை மறுபடி கொடுத்துவிட்டுப் போனார்.

ஊர்ப் பெரியவர்கள் எங்கள் மணல் குவியலுக்குப் பக்கத்தில் கூடி நின்று பேசினார்கள். "சர்க்கார் கம்பியில கயிறு கட்டலாமா? படிக்காதவன்கூட கட்ட மாட்டான்" என்றார் ஒருவர். "கல்லு இல்லைன்னா வேற எடத்துல போட்டுக்கணும். இவன் விதி" என்றார் இன்னொருவர். நைனா தலையைக் குனிந்துகொண்டு, "நான்கூட சொன்னேன், கேக்கலை" என்றார்.

அம்மா உலக்கையை இன்னும் கையிலிருந்து வைக்கவில்லை. "நீங்கதானே கட்டச் சொன்னீங்க" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள்.

ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. ஒரு பெரியவர் வானத்தைப் பார்த்து, "மறுபடி மழை வரும்போல" என்றார். நைனா அம்மாவின் கையிலிருந்து உலக்கையை வாங்கிச் சுவரில் சாத்திவிட்டு, "உள்ள போ. தலை சுத்துது உனுக்கு" என்றார். அன்று ஊரே தன் ஆயுசில் காட்டாத ஒற்றுமையைக் காட்டியது. நெசவுக்காரர்கள்கூட வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கும் தெருவுக்குக் கம்பம் வர வேண்டும், அதற்கு நைனாதான் ஆபீஸுக்கு நடக்க வேண்டும்.

தெருவில் பிணம் இருக்கும்போது அந்தத் தெருவில் நல்ல காரியம் செய்யக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் எங்களுக்கு ஓமம். ஆகவே அன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்று நைனா சொல்லி அனுப்பினார். தேசப்பனின் கூடப்பிறந்த அக்கா சத்தியவேட்டிலிருந்து வர வேண்டும், வந்து முகம் பார்க்க வேண்டும் என்று கன்னியம்மா கெஞ்சினாள். "வந்து பாத்தா எழுந்திருச்சிடுவானா?" என்று கேட்டார்கள். கேட்டது யார் என்று நான் எழுத விரும்பவில்லை. அவர் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள்.

பாடை கட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மூங்கிலை வெட்டுகிறவர்களுக்குக் கண் தெரியவில்லை. அரிக்கேன் விளக்கு ஒன்று காற்றில் அணைந்து அணைந்து போயிற்று. நைனா அம்மாவைக் கூப்பிட்டு, வாசல் பல்பைப் போடச் சொன்னார். அம்மா நகரவில்லை. அவரே போய்ப் போட்டார். அந்த வெளிச்சம் எங்கள் மனையைத் தாண்டி, கம்பத்தைத் தாண்டி, தேசப்பன் வீட்டு வாசல் வரைக்கும் விழுந்தது. அந்த வெளிச்சத்தில்தான் மூங்கில் பிளந்தார்கள், முடிச்சுப் போட்டார்கள், அவரைத் தூக்கிப் படுக்கவைத்தார்கள். முகத்தில் ஒட்டியிருந்த சிவப்பு நூலைக் கன்னியம்மா ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்து முடித்ததும் தலையைத் தூக்கி எங்கள் வாசலைப் பார்த்தாள்.

"நல்லா எரியுதுண்ணா" என்றாள். "மூஞ்சி நல்லா தெரியுது."

மறுநாள் எங்கள் வீட்டில் பால் பொங்கியது. வந்தவர்கள் சாப்பிட்டார்கள், ஸ்விட்சைப் போட்டும் அணைத்தும் பார்த்தார்கள். பெரியப்பாவும் வந்தார். வாசலில் நின்று பல்பைப் பார்த்துவிட்டு, தம்பியின் தோளில் கை போட்டு, "நல்ல வேளை, என் கொல்லையில நடலை" என்றார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். பாகம் பிரித்ததற்கப்புறம் அவர்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

எல்லைக்கோடு வந்தது. எங்கள் ஊருக்குக் கிழக்கே, வெகுதூரம் தள்ளி விழுந்தது. ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் போன ஊர்களுக்கும் அவர்கள் சர்க்கார் கம்பம் நட்டுக் கரண்டு கொடுத்தது. நைனா இன்னும் ஒரு வாரம் பொறுத்திருந்தாலும், ஒரு வருஷம் பொறுத்திருந்தாலும், எங்கள் வீட்டில் பல்பு எரிந்திருக்கும். கன்னியம்மா காரியம் முடிந்ததும் தறியைக் கழற்றிக்கொண்டு நகரியில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பெயர்த்த பாவுக்கல் எங்கள் சுவரோரம் கிடந்தது. கொத்தனார் அதைப் பார்த்து, நல்ல கல் என்று சொல்லி, வாசல்படியாகப் போட்டுவிட்டார். கயிறு தேய்த்த பள்ளம் மேல்பக்கம் இருந்தது. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும், குருவி வந்து குடிக்கும். நைனா அந்தக் கல்லில் கால் வைத்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டித்தான் உள்ளே போவார். வயதாகிக் காலைத் தூக்க முடியாமல் போனபோது, கொல்லைப்புற வாசல் வழியாகப் போய்வர ஆரம்பித்தார். 

இப்போது அந்தப் பாவு போடும் இடம் இல்லை. வரிசையாகப் பவர்லூம் கொட்டகைகள். உள்ளே கரண்டில் தறி ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது. கம்பத்தை மாற்றிவிட்டார்கள். எங்கள் வீட்டை வாங்கியவர் இடித்துக் கட்டியபோது கல்லையும் எங்கேயோ தூக்கிப் போட்டுவிட்டார். கன்னியம்மா சொன்னதைச் சொல்ல என்னைத் தவிர ஆள் இல்லை. என் பிள்ளைகளிடம் நான் சொன்னதில்லை. ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொட்டால் நான் கத்துவதை மட்டும் அவர்கள் பார்த்து வளர்ந்தார்கள். "அம்மாவுக்குக் கரண்டு பயம்" என்று விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார்கள்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. என் மகன் ரேணிகுண்டாவுக்கு வெளியே மனை வாங்கி வீடு கட்டுகிறான். வேலை நடக்கும்போதே லைன் வேண்டும், மோட்டார் ஓட வேண்டும் என்று அவசரப்பட்டு, கம்பம் நட்டாகிவிட்டது. போன வாரம் பார்க்கப் போனேன். முதலில் ஸ்டே கம்பியைத்தான் பார்த்தேன். முட்டை இருந்தது. அதற்குக் கீழே, தரையிலிருந்து இடுப்பு உயரத்தில், ஒரு பழைய புடவையின் ஒரு முனையை அந்தக் கம்பியிலும் மறு முனையைச் சாரக் கட்டையிலும் கட்டி, ஏணை தொங்கியது. உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி மணலில் விழுந்தேன். அதன் தாய், ஒரு சித்தாள் பெண், இருபது வயதுகூட இருக்காது, கலவைத் தட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். மகன், "அம்மா, அதுலதான் இன்சுலேட்டர் இருக்குதே, ஒண்ணும் ஆவாது. ஆளுங்க முன்னாடி மானத்தை வாங்காத" என்றான். நான் அந்தப் பெண்ணைப் பார்த்து, இதில் கட்டாதே, வேறு எங்காவது கட்டு என்று தெலுங்கில் கெஞ்சினேன். அவள் கோபமில்லாமல்தான் பதில் சொன்னாள்: "எக்கட கட்டாலம்மா? சார் செட்டு கொட்டேஸினாரு கதா." எங்கே கட்டுவது, மரத்தைத்தான் உங்கள் பிள்ளை வெட்டிவிட்டாரே என்றாள். கம்பம் நின்ற இடத்துக்கு ஓரமாக ஒரு வேப்ப மரத்தின் அடிக்கட்டை, வெட்டின ஈரம்கூடக் காயாமல், இருந்தது.

"கட்டிக்கோன்னு நான்தான் சொன்னேன்" என்றான் மகன். "கம்பி கெட்டியாதானே இருக்குது?"

அன்று சாயங்காலம் வேலை முடிகிற வரைக்கும் அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாள் மருமகள், "நீங்க இப்படி தெனமும் வந்து உக்காந்தா வேலை நடக்காது அத்தை" என்று சொல்லிவிட்டாள்.

நாங்கள் இருக்கிற திருப்பதியில் இன்று காலையிலிருந்து மழை. ரேணிகுண்டாவிலும் பெய்யும். மகன் மத்தியானம் சாப்பிட வந்தபோது, ஏணை எங்கே கட்டியிருக்கிறாள் என்று கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "நான் பாக்கலைம்மா" என்றான்.